ஆவி உலவும் கோட்டைகள்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை நாள் என்பது பெரும்பாலும் ஊர் சுற்றிப் பார்க்கும் நாளாகவே அமைகிறது. ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டாலோ சொல்ல வேண்டியதில்லை. தில்லியில் இருப்போர் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் காட்டுவர். புனேயில் இருப்போர் பார்வதி மலைக்கு அழைத்துச் செல்வர். இவ்வாறு காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் பிரயாணங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வகையும் சேர்ந்திருக்கிறது. “அங்கே ஆவி உலவுகிறதாம்” என்று பெயர் பெற்ற பழைய கோட்டைகளையும் அரண்மனைகளையும் தேடிச் செல்வதே அது. இளைஞர்கள் ஆவலோடு கிளம்புகிறார்கள், பெரியவர்கள், “நல்ல நாளும் அதுவுமாக அங்கெல்லாம் எதற்கு?” என்று முகம் சுளிக்கிறார்கள்.

பேய் உண்டா, இல்லையா என்ற பழைய வழக்கில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. யான் கூற விழைவது வேறொன்று. பேய்க்கதை வழங்கும் சரித்திர இடங்களிற் பலவற்றில், அக்கதைக்கு அடியில், மெய்யாகவே மனிதர்கள் பட்ட துன்பம் ஒன்று புதைந்து கிடக்கிறது. சில இடங்களில் கதையானது அத்துன்பத்தை மறக்கவிடாமற் காத்து வருகிறது. வேறு சில இடங்களில் அதை முற்றிலும் மூடி மறைத்துவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து பார்ப்பவர்க்கே அப்பிரயாணம் பயன் தரும். இதனை விளக்க மூன்று ஊர்களை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

முதலாவது புனே நகரின் நடுவே நிற்கும் சனிவார் வாடா. மகாராஷ்டிரப் பேரரசின் ஆட்சிப் பொறுப்பை வகித்த பேஷ்வாக்களின் அரண்மனை இது. முதலாம் பாஜிராவ் 1730ஆம் ஆண்டு ஜனவரியில் இதற்கு அடிக்கல் நாட்டினார். அன்று சனிக்கிழமை, அதனால் இப்பெயர். 1828ஆம் ஆண்டு தீயில் மாளிகைகள் எரிந்து போயின. இப்போது எஞ்சியிருப்பவை மதில்களும், வாயில்களும், கட்டடங்களின் அடித்தளங்களும், நீரூற்றுத் தொட்டிகளுமே. வடக்கு நோக்கிய பெரிய வாயிலுக்குத் தில்லி தர்வாஜா என்று பெயர். அதன் கதவுகளில் யானைகள் மோதாதவாறு கூரிய இரும்பு முட்களைப் பதித்திருக்கிறார்கள்.

பௌர்ணமி இரவுகளில் இங்கே ஓர் இளைஞனின் குரல் கேட்குமாம். “காகா, மலா வாச்வா” என்று அது மராத்தியில் அலறுமாம். “சிற்றப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்” என்பது அதன் பொருள். குரல் கேட்கிறதோ இல்லையோ, அந்த இளைஞன் கற்பனையல்லன். அவன் பெயர் நாராயணராவ். மூத்த தமையன் விசுவாசராவ் 1761ஆம் ஆண்டு பானிபட் போரில் மாண்டான். அடுத்த தமையன் மாதவராவ் 1772ஆம் ஆண்டில் காசநோயால் இறந்தார். அதன்பின் பேஷ்வாப் பட்டம் இவனுக்கு வந்தது. ஓராண்டு முடிவதற்குள், 1773ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், அரண்மனைக் காவலர்களான கார்திகள் சம்பளப் பாக்கி கேட்கும் பாவனையில் உள்ளே நுழைந்தார்கள். நாராயணராவ் தன் சிற்றப்பா ரகுநாதராவின் அறைக்கு ஓடி அவரைக் கட்டிக் கொண்டான். அங்கேயே வெட்டிக் கொன்றார்கள். அவனுக்கு வயது பதினெட்டு.

ரகுநாதராவ் சாமானியரல்லர். 1758ஆம் ஆண்டில் சிந்து நதிக்கரையிலுள்ள அட்டக் வரை மராத்தியப் படை சென்றபோது அப்படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஆயினும் பட்டம் தமக்குக் கிட்டவில்லையே என்ற தாபம் அவரை வாட்டியது. கொலை நடந்தபோது அவர் அதே அரண்மனையில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அவர் கார்திகளுக்கு எழுதிய கடிதத்தில் ‘தராவே’, அதாவது ‘பிடிக்க’ என்றிருந்ததாகவும், அவர் மனைவி ஆனந்திபாய் முதலெழுத்தை மாற்றி ‘மாராவே’, அதாவது ‘கொல்ல’ என்று ஆக்கிவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. இது சான்றுகளால் நிலைநாட்டப்பட்டதன்று. இக்கதையைக் கேட்கும்போதெல்லாம், இத்துணைப் பெரிய பழியை ஒரு பெண்ணின் எழுதுகோல் மீது சுமத்திவிட்டு ஆண்கள் எவ்வளவு எளிதாக விலகிக் கொள்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுவதுண்டு.

பேய்க்கதை நம்மைக் கொலையோடு நிறுத்திவிடுகிறது. சரித்திரமோ அதற்குப் பின்னும் தொடர்கிறது. உண்மையில் வியப்புக்குரிய பகுதி அதுதான். நீதிபதியாக இருந்த ராம்சாஸ்திரி பிரபுணே இக்கொலையை விசாரித்தார். அப்போது ஆட்சி ரகுநாதராவின் கையில். அப்படியிருந்தும், குற்றத்தில் அவருக்குப் பங்குண்டு என்று ராம்சாஸ்திரி தீர்ப்பளித்தார். அவர் ஆட்சியில் பணி செய்யவியலாது என்று கூறிப் பதவியை விட்டு நீங்கினார். ஆள்பவனையே குற்றவாளி என்று கூறத் துணிந்த அந்த நீதிபதியின் பெயரை மகாராஷ்டிரத்தில் இன்றும் மதிப்போடு சொல்லுகிறார்கள்.

தீர்ப்பு இருந்தது, ஆனால் தண்டனை நிறைவேறவில்லை. கணவனை இழந்தபோது கருவுற்றிருந்த கங்காபாய் 1774ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் ஆண்மகவை ஈன்றாள். அமைச்சர்கள் ஒன்றுகூடி அக்குழந்தையைப் பேஷ்வா ஆக்கினர். ரகுநாதராவ் பம்பாயிலிருந்த ஆங்கிலேயரிடம் உதவி தேடிச் சென்று, 1775ஆம் ஆண்டு சூரத் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். அதன் விளைவாக மூண்ட முதல் ஆங்கில மராத்தியப் போர் 1782ஆம் ஆண்டு சால்பாய் உடன்படிக்கை வரை நீடித்தது. மராத்தியரின் குடும்பச் சண்டையில் கம்பெனியார் கால் வைக்க அந்த ஓர் இரத்தப் பழியே வழி திறந்துவிட்டது. அரியணையில் ஏறிய குழந்தையும் நெடுநாள் வாழவில்லை. 1795ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், இதே அரண்மனையின் மேல்மாடத்திலிருந்து விழுந்து உயிர் நீத்தான். இறுதியில் பட்டத்துக்கு வந்தவர் ரகுநாதராவின் மகன் இரண்டாம் பாஜிராவ். 1818ஆம் ஆண்டில் அவர் கையிலிருந்தே பேஷ்வா ஆட்சி ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஆதலால் சனிவார் வாடாவுக்குச் செல்வோர் தில்லி தர்வாஜாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாகாது. தென்புற மதிலில் நாராயண தர்வாஜா என்றொரு சிறு வாயில் உண்டு. கொலையுண்டவனின் உடலை அவ்வழியே கொண்டு சென்றதால் அப்பெயர் பெற்றது என்பர். அங்கே ஒரு நிமிஷம் நிற்பது தகும். இவ்விடத்தில் பேய்க்கதை ஒரு நன்மையைச் செய்திருக்கிறது. இரண்டரை நூற்றாண்டாகியும் அந்தப் பதினெட்டு வயது இளைஞனின் கூக்குரலை ஊர் மறக்காமல் வைத்திருக்கிறது. தவறாகக் கொல்லப்பட்ட மதுரைவீரனைக் கோயில் கட்டிக் கும்பிடும் நமக்கு இம்மனப்பான்மை புரியாததன்று.

இரண்டாவது இடத்திற் கதை வேறு விதமாக வேலை செய்கிறது. இராஜஸ்தானத்தில் அல்வார் மாவட்டத்தில், சரிஸ்கா வனத்தின் அருகே, ஆரவல்லி மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் பான்கட் என்னும் பாழூர் உள்ளது. ஜெய்ப்பூரிலிருந்து காலையிற் சென்று மாலையில் திரும்பிவிடலாம். தில்லியில் இருப்போர் விடியுமுன் புறப்பட வேண்டும். ஆம்பேர் அரசர் பகவந்த தாசர் 1573ஆம் ஆண்டில் இவ்வூரை நிறுவியதாகக் கூறுவர். அவருடைய மகன் மாதோ சிங் இங்கிருந்து ஆண்டான். அக்பரின் தளபதியாக விளங்கிய மான்சிங்கின் தம்பி இவன். வாயிலைக் கடந்தால் இருபுறமும் கூரையில்லாத கடைத்தெரு, அப்பால் கோயில்கள், மலையடியில் இடிந்த அரண்மனை. வீடுகள் யாவும் பாழடைந்திருக்க, கோபிநாதர் கோயிலும் சோமேசுவரர் கோயிலும் பெரும்பாலும் கட்டுக்குலையாமல் நிற்பதைக் காணும்போது யாருக்கும் ஒரு திகைப்பு உண்டாகவே செய்யும்.

இவ்வூர் அழிந்ததற்கு இரண்டு கதைகள் உண்டு. பாலுநாதர் என்னும் துறவி, தம் இருப்பிடத்தின் மீது அரண்மனையின் நிழல் விழலாகாது என்ற நிபந்தனையோடு நகரம் அமைக்க இசைந்தாராம். பின்வந்தவர்கள் மாளிகையை உயர்த்தினர், நிழல் விழுந்தது, சாபம் பலித்தது. மற்றொரு கதையில், இளவரசி ரத்னாவதி மீது மோகம் கொண்ட மந்திரவாதி ஒருவன், அவளுக்காக வாங்கிய வாசனைத் தைலத்தில் மந்திரம் ஏவினானாம். அவள் அதை அறிந்து தைலத்தைப் பாறை மீது கொட்ட, பாறை உருண்டு சென்று அவனையே நசுக்கியதாம். உயிர் போகும் தறுவாயில் அவன் ஊர் முழுவதையும் சபித்தானாம்.

இக்கதைகளுக்குச் சாட்சியாகப் பலரும் சுட்டிக் காட்டுவது தொல்பொருள் ஆய்வுத் துறையின் அறிவிப்புப் பலகையை. சூரிய உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் உள்ளே நுழைவது தடை செய்யப்பட்டிருக்கிறது என்பது அதிற் கண்ட வாசகம். “அரசாங்கமே பேயை ஒப்புக் கொண்டுவிட்டது, பார்த்தீர்களா?” என்று கேட்கிறார்கள். அரசாங்க வாசகங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது சற்றே நகைப்பை அளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களிற் பெரும்பாலானவை நாடெங்கும் உதயம் முதல் அஸ்தமனம் வரையே திறந்திருக்கும். அது பொது விதி. விளக்கில்லாத இடிபாடு, பக்கத்திலே வனவிலங்குகள் திரியும் காடு. இவ்விடத்தில் இருட்டிய பின் யாரை உள்ளே விடுவார்கள்? சட்டம் எழுதியவர் பேயை நினைத்து எழுதவில்லை. படிப்பவர் மனத்திலே பேய் இருந்தால், சட்டத்திலும் அது தென்படுகிறது, அவ்வளவே.

ஊர் பாழானதன் காரணத்தைச் சரித்திரம் இவ்வளவு சுவையாகச் சொல்லுவதில்லை. மொகலாயப் பேரரசு தளர்ந்தபின் பான்கட்டின் செல்வாக்குக் குறைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது ஜெய்ப்பூர் அரசோடு சேர்ந்தது. பின்னர் 1783ஆம் ஆண்டிலே வட இந்தியாவைப் பெரும் பஞ்சம் ஒன்று பிடித்தது. விக்கிரம சகாப்தம் 1840இல் வந்தபடியால் மக்கள் அதற்கு ‘சாலீஸா’, அதாவது ‘நாற்பதாம் ஆண்டுப் பஞ்சம்’ என்று பெயரிட்டார்கள். 1876இல் தொடங்கிய கொடும் பஞ்சத்துக்கு நம்மவர் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று ஆண்டின் பெயரையே இட்டதைப் போன்றது இது. சாலீஸாப் பஞ்சத்தில் தில்லி முதல் இராஜபுதனம் வரை ஊர் ஊராகக் காலியாயிற்று. ஏற்கெனவே தேய்ந்து கொண்டிருந்த பான்கட் அதன்பின் நிமிரவில்லை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது உள்ளது. புனேயிற் பேய்க்கதை கொலையுண்டவனின் பெயரைக் காத்தது. பான்கட்டிலோ அது இறந்தவர்களையும் பிழைத்து வெளியேறியவர்களையும் அடியோடு மறைத்துவிட்டது. அந்தக் கடைத்தெருவில் தானியம் விற்றவன் யார், தன் குழந்தைகளை அழைத்துக் கொண்டு எத்திசையிற் போனான் என்று கேட்பார் இல்லை. மந்திரவாதியின் பெயர் வழங்குகிறது. மாண்ட குடிகளின் பெயர் ஒன்று கூட வழங்கவில்லை. சாபத்தால் அழிந்தது என்று சொல்லிவிட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சத்தால் அழிந்தது என்று சொன்னாலோ, களஞ்சியம் என்னவாயிற்று, வரி தள்ளுபடியாயிற்றா, ஆண்டவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்விகள் எழுகின்றன. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். பூட்டிய வீடும் புல் முளைத்த முற்றமும் சாபத்தின் அடையாளமல்ல என்பதைப் பிறர் சொல்லி நாம் அறிய வேண்டியதில்லை. பான்கட்டின் கூரையில்லாத கடைகளுக்கிடையே நடக்கும்போது இந்நினைவு நமக்கு வருமாயின், அவ்வூரை உள்ளபடி கண்டவர்களாவோம்.

மூன்றாவதாகத் தலைநகருக்கு வருவோம். பழைய தில்லியின் தில்லி கேட்டுக்குத் தெற்கே, பகதூர் ஷா ஜஃபர் மார்க்கின் ஓரத்தில், கூனி தர்வாஜா நிற்கிறது. ‘இரத்த வாயில்’ என்பது அதன் பொருள். மழைக்காலத்தில் அதன் மேற்கூரையிலிருந்து இரத்தம் சொட்டும் என்று சொல்லிக் கொள்வார்கள். 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், சரணடைந்த மொகலாய இளவரசர் மூவரை ஆங்கிலப் படையதிகாரி ஹாட்சன் இவ்வாயிலருகே சுட்டுக் கொன்றான். மிர்ஸா மொகல், கிஸ்ர் சுல்தான் ஆகிய இருவரும் சக்கரவர்த்தி பகதூர் ஷாவின் மக்கள். அபூ பக்கர் பேரன். விசாரணை ஏதும் இல்லை. வாகனங்கள் இடைவிடாது ஓடும் அச்சாலையில் நின்று, இதனை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தால், கிரிக்கெட் மைதானத்தை அடுத்து பிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளை அடையலாம்.

சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் 1354ஆம் ஆண்டில் அமைத்த பிரோஸாபாத் நகரின் அரண்மனைக் கோட்டை இது. இங்கே மூன்றடுக்குக் கட்டடம் ஒன்றின் உச்சியில் ஒரே கல்லாலான நெடிய தூண் நிற்கிறது. அது அசோகரின் தூண். இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ரா என்னும் ஊரிலிருந்து சுல்தான் அதைக் கொண்டு வந்தார். அவர் காலத்துச் செய்திகளை எழுதிய ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் அதனை விரிவாக வருணித்திருக்கிறார். பஞ்சுப் பொதிகளைக் குவித்து அதன்மேல் தூணை மெல்லச் சாய்த்தார்கள். நாணலாலும் தோலாலும் சுற்றினார்கள். நாற்பத்திரண்டு சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி, ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து யமுனைக் கரைக்கு இழுத்து, படகுகளில் மிதக்கவிட்டுத் தில்லி சேர்த்தார்கள். தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று சுல்தான் பண்டிதர்களை வினவினார். ஒருவராலும் படிக்க முடியவில்லை.

இந்தக் கோட்டையில் ஜின்கள் குடியிருப்பதாக மக்கள் நம்புகிறார்கள். ஜின் என்பது இறந்தவரின் ஆவியன்று. புகையற்ற நெருப்பிலிருந்து இறைவன் படைத்த, மனிதரினும் நெடுங்காலம் வாழும் ஓர் இனம் என்பது இஸ்லாமிய நம்பிக்கை. அவர்களுள் தலைமையானவரை ‘லாட்வாலே பாபா’, அதாவது ‘தூணுக்குரிய பெரியவர்’ என்றழைக்கிறார்கள். வியாழக்கிழமை தோறும் ஆண்களும் பெண்களும் வருகிறார்கள். முஸ்லிம்களோடு இந்துக்களும் வருகிறார்கள். நிலவறைகளின் மாடங்களில் விளக்கேற்றி, ஊதுவத்தி வைத்து, தங்கள் குறைகளைக் காகிதத்தில் எழுதிச் சமர்ப்பிக்கிறார்கள். மகனுக்கு வேலை, மகளுக்குத் திருமணம், தீராத நோய், முடியாத வழக்கு என்று குறைகள் பலவிதம். சிலர் பெயரும் முகவரியும் குறித்து, புகைப்படமும் ஒட்டி, ஒரே மனுவைப் பல பிரதிகள் எடுத்து ஒவ்வொரு மாடத்திலும் வைக்கிறார்கள். அலுவலகத்தில் மனுவின் நகலைப் பல பிரிவுகளுக்கும் அனுப்புவது போன்றே இருக்கிறது.

இவ்வழக்கம் பெருந்திரளாகத் தொடங்கியது 1977ஆம் ஆண்டில், நெருக்கடி நிலை முடிந்த சில மாதங்களுக்குப் பின்னர், என்று இதனை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். முந்தைய ஆண்டு ஏப்ரலில், அங்கிருந்து நெடுந்தூரமில்லாத துருக்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. நகரெங்கும் குடிசைவாசிகள் பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். மனிதரிடம் முறையிட்டுப் பயன் காணாதவர்கள் ஜின்களிடம் முறையிட வந்தார்கள் என்று எண்ணுவதற்கு இடமுண்டு.

இனி அத்தூணில் எழுதியிருப்பதைக் கேளுங்கள். பிராமி எழுத்துக்களின் இரகசியத்தை 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்ஸெப் கண்டறிந்தபோது அவருக்குத் துணை புரிந்தவற்றுள் இத்தூணின் சாசனமும் ஒன்று. அதன் நான்காவது சாசனத்தில் அசோகர் நீதி வழங்கும் முறையைப் பற்றிப் பேசுகிறார். விசாரணையிலும் தண்டனையிலும் ஒரே சீரான முறை வேண்டும் என்கிறார். மரண தண்டனை பெற்றவர்களுக்கு மூன்று நாள் தவணை அளிக்க ஆணையிடுகிறார். அதற்குள் அவர்களுடைய உறவினர் உயிர்ப்பிச்சை கேட்டு அதிகாரிகளிடம் முறையிடலாம். ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், முறையீட்டைக் கேட்பது அரசின் கடமை என்று வெட்டிய கல் அது. அதன் அடியிலேதான், அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத எளிய மக்கள், கேட்பார் ஒருவராவது இருப்பார் என்ற நம்பிக்கையோடு மனுக்களை வைத்துவிட்டுச் செல்கிறார்கள். வேலையின் நிமித்தம் நாளும் பல விண்ணப்பங்களைப் படிக்க நேரும் என் போன்றோர்க்கு, அந்த மாடங்களின் முன் நிற்பது எளிதான காரியமன்று.

ஆகவே இத்தகைய இடங்களுக்குப் போகவேண்டாம் என்று யான் கூறவில்லை. தாராளமாகப் போய் வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கதையை முதலில் சொல்லுங்கள். அவர்கள் பயந்து சிரிக்கட்டும். பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். பான்கட்டுக்குச் செல்வோர் குடிநீரும் கட்டுச்சோறும் கொண்டு சென்று, அஸ்தமனத்துக்கு முன்பே வாயிலைக் கடந்துவிடுங்கள். கோட்லாவுக்கு வியாழக்கிழமை செல்வோர், அங்கே வைத்திருக்கும் காகிதங்களை எடுத்துப் படிப்பதும் படம் பிடிப்பதும் கூடாது. அவை பிறர் வீட்டுத் துயரங்கள். எந்த இடிபாட்டிலும் பெயரைக் கீறாதீர்கள்.

வீடு திரும்பும் வழியில், “பேயைப் பார்க்கவே இல்லையே” என்று குழந்தைகள் குறைப்பட்டுக் கொள்ளக் கூடும். அப்போது ராம்சாஸ்திரியின் தீர்ப்பைப் பற்றிச் சொல்லுங்கள். நாற்பதாம் ஆண்டுப் பஞ்சத்தில் வீட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு நடந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். மூன்று நாள் தவணை தந்த அரசரைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் அடுத்த கேள்விக்கு விடை தேட, மறு வாரம் நீங்களே ஒரு நூல் நிலையத்துக்குச் செல்ல நேர்ந்தால், அப்பிரயாணம் வீண் போகவில்லை என்று கொள்ளலாம்.